டம்ப்ஸ் கேக்காதீங்க தம்பிகளா!

எங்க பழவேற்காட்டுக் குப்பங்கள்ல இருந்து நெட்வொர்க்கிங், கிளவுட்னு படிக்கப் போற பசங்க இப்போ கொஞ்சப் பேர் இருக்காங்க. சந்தோஷமான விஷயம். ஆனா என்னைப் பார்த்ததும் கேக்கறது ஒண்ணுதான்: "அண்ணே, பரீட்சையில என்ன கேள்வி வந்துச்சு? டம்ப்ஸ் இருந்தா குடுங்களேன்."

அதாவது, எழுதினவங்க ஞாபகம் வச்சு வெளியே கொண்டு வந்த கேள்வி-பதில் கட்டு.

தர மாட்டேன் மக்களே. இந்தப் பரீட்சைகள்ல முதல் கேள்விக்கு முன்னாடியே ஒரு ரகசிய ஒப்பந்தம் திரையில வரும். 'சம்மதம்'னு க்ளிக் பண்ணினாத்தான் உள்ளே விடுவாங்க. கேள்வியையோ விடைகளையோ யாருக்கும் சொல்லக் கூடாது, மனசுல இருந்து எழுதிக் குடுத்தாலும் தப்புதான். மீறினா சர்டிபிகேட் ரத்தாகலாம், மறுபடி எழுதவே தடை வரலாம்.

"பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளை வீட்டுக்கே கொண்டு வர்றோமே, இதுக்கு மட்டும் என்ன?"ன்னு கேக்கலாம். நல்ல கேள்வி. சி.ஏ. தேர்வு பத்தின தகவல் உரிமை வழக்குல 2011-ல உச்ச நீதிமன்றமே, பரீட்சைக்கு முன்னாடி ரகசியமா இருக்கற வினாத்தாள் முடிஞ்சப்புறம் ரகசியமில்லைன்னு சொல்லியிருக்கு. ஆனா சர்டிபிகேஷன் பரீட்சை முடியறதே இல்லையே! ஒரே கேள்வித் தொகுப்புல இருந்துதான் இன்னைக்கு உங்களுக்கும், நாளைக்கு இன்னொருத்தருக்கும் வருது.

எங்க ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு மூணு ஊருக்கும் பழக்கமானது. எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு சீட்டுக் குலுக்கி, முறை வச்சு முடிவு பண்ணுவாங்க. வலை போடற வித்தையை அப்பன் பிள்ளைக்குத் தாராளமா சொல்லித் தருவான். ஆனா ஒருத்தன் சீட்டை முன்கூட்டியே பார்த்துட்டான்னு வைங்க, அப்புறம் அந்தக் குலுக்கலை எவன் மதிப்பான்?

பரீட்சையும் அப்படித்தான். வித்தையைக் கேளுங்க, சொல்றேன். எத்தனை மாசம் படிச்சேன், எந்தப் புத்தகம் உதவுச்சு, லேப் எப்படிப் போடறதுன்னு எல்லாமே சொல்லலாம். எந்தெந்தப் பாடம் வரும்னு சிஸ்கோ, மைக்ரோசாப்ட், அமேசான் மூணு பேருமே அவங்க தளத்துல போட்டிருக்காங்க. மைக்ரோசாப்ட்ல நிறையப் பரீட்சைக்கு மாதிரித் தேர்வே இலவசம்.

"அமெரிக்கக் கம்பெனி ரகசியத்தை நாம ஏன் காப்பாத்தணும்?"னு ஒரு தம்பி கேட்டான். சி.சி.என்.ஏ. எழுத 300 டாலர். ஒரு குப்பத்து வீட்டுல அந்தக் காசைப் புரட்டறது லேசுப்பட்ட காரியமில்ல. பெரிய காலேஜ் பேரும் சிபாரிசுக்கு ஆளும் இல்லாத பையனுக்கு அந்தச் சர்டிபிகேட் ஒண்ணுதான் சாட்சி. டம்ப்ஸ் மனப்பாடம் பண்ணிப் பாஸானவன் இன்டர்வியூல சப்நெட் போடத் தெரியாம முழிச்சா, கம்பெனிக்காரன் அவனோட விடுவானா? அடுத்து வர்றவன் சர்டிபிகேட்டையும் சந்தேகமாத்தான் பார்ப்பான். பெரிய காலேஜ் பையனுக்குக் காட்ட வேற காகிதம் இருக்கு. நம்ம பையன்கிட்ட?

அதனால டம்ப்ஸுக்கு வேற ஆளைப் பாருங்க தம்பிகளா. சப்நெட்டிங் புரியலையா, ஞாயித்துக்கிழமை வாங்க. ராத்திரி ஆனாலும் உக்காந்து சொல்லித் தரேன் :-)