கிருமி எதையும் கற்றுக்கொள்வதில்லை

"அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிப்போச்சுங்க, இப்பல்லாம் கேக்கறதே இல்ல." மருந்துக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கொசுவர்த்திச் சுருளுக்குக் கொசு பழகிவிட்டது என்பார் வீட்டுக்காரர். வேட்டைக்காரர்களுக்குப் பயந்து யானைகள் தந்தமில்லாமல் பிறக்கத் தொடங்கிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: தேவை வந்தால் உயிர் தன்னை மாற்றிக்கொள்ளும்.

படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பை நடத்தியது. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் மனித உடம்பு அந்த மருந்தை எதிர்க்கத் தொடங்குவதே என்று 76 சதவீதம் பேர் நம்பினார்கள். மாறுவது உடம்பு இல்லை, கிருமிக் கூட்டம். அந்தக் கூட்டத்திலும் எந்தக் கிருமியும் மருந்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதில்லை.

இந்தத் தவறான நம்பிக்கைக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவும் இருந்திருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1809இல் வெளியிட்ட நூலில், உயரத்து இலைகளை எட்டி எட்டியே ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது, அந்த நீட்சி குட்டிகளுக்கும் போனது என்றார். 1859இல் டார்வின் முன்வைத்தது வேறு கணக்கு. ஓர் இனத்தில் எல்லா உயிர்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. வேறுபாடுகள் முன்பே இருக்கின்றன. சூழலுக்குத் தோதானவை அதிகக் குட்டி போடுகின்றன, மற்றவை குறைகின்றன. அந்த டார்வினாலும் லாமார்க்கை முழுதாகக் கைகழுவ முடியவில்லை. பயன்படுத்திய உறுப்பு வலுப்பதும், பயன்படுத்தாதது நலிவதும் வாரிசுகளுக்குப் போகும் என்பதை அவரும் ஓரளவு ஏற்றிருந்தார். வழக்கைத் தீர்க்கச் சோதனை தேவைப்பட்டது.

இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிவந்த சால்வடோர் லூரியாவும், ஜெர்மனியில் பிறந்த மாக்ஸ் டெல்புரூக்கும் 1943இல் அதைச் செய்துகாட்டினார்கள். ஈ. கோலை பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்து, பிறகு பாக்டீரியாவைக் கொல்லும் ஒரு வைரஸின்மீது கொட்டினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால், எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தப்ப வேண்டும். சந்தித்த ஆபத்து ஒன்றுதானே? மாற்றம் முன்பே, தற்செயலாக நடந்திருந்தால் எண்ணிக்கை தாறுமாறாக இருக்கும். வளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒரு பாக்டீரியா மாறிய குழாயில் அதன் வாரிசுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்; மாற்றமே நடக்காத குழாயில் ஒன்றும் மிஞ்சாது. முடிவு தாறுமாறாகத்தான் வந்தது. 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தின் வாசனையே படாத பாக்டீரியாக்களிலிருந்து மருந்தைத் தாங்கும் வகையைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

நியூ மெக்சிகோவில் உள்ள லெச்சுகியா குகையின் ஆழமான பகுதிகள் 40 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகத் தொடர்பு இல்லாதவை. 2012இல் வெளியான ஆய்வின்படி, அங்கே எடுத்த பாக்டீரியாக்களில் சில, இன்று கடையில் கிடைக்கும் 14 ஆன்டிபயாட்டிக்குகள்வரை தாங்கின. நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்ல வேதிப்பொருள்களைச் சுரப்பது மனிதன் தோன்றும் முன்பே நடந்துவரும் சண்டை. எந்த மருந்துச்சீட்டுக்கும் அந்தக் குகைவாசிகள் பழகியிருக்க வாய்ப்பில்லை.

வேறுபாடு முன்பே இருக்கிறது என்ற இந்தக் கணக்கின்மீதுதான் காசநோய் மருத்துவமே நிற்கிறது. நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். அவற்றில் ஐசோனியாசிட் மருந்தைத் தாங்குபவை சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினைத் தாங்குபவை சுமார் பத்துக் கோடியில் ஒன்று. ஒரே மருந்தைக் கொடுத்தால் தாங்குபவை மட்டும் பிழைத்துப் பெருகி, சில மாதங்களில் நுரையீரல் முழுக்க அவற்றின் வாரிசுகளே நிறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துத் தாங்கும் கிருமிக்கு வாய்ப்பு நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. தொடக்கத்தில் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் நியாயம் இதுதான். தேவைக்கேற்பக் கிருமி மாறிக்கொள்ளும் என்பது உண்மையானால், ஒன்றுக்கு மாறுவதுபோல நான்குக்கும் மாறியிருக்கும். ஆறு மாதச் சிகிச்சை யாரையும் குணப்படுத்தியிருக்காது.

அந்த யானைச் செய்திக்கு வருவோம். செய்தி பொய்யில்லை, சொல்லும் காரணம்தான் பொய். மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்காவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் சுமார் 18 சதவீதம் தந்தமில்லாதவை. பிழைத்தவற்றிலோ பாதிக்குப் பாதி. எந்த யானையும் தந்தத்தைத் துறக்கவில்லை. தந்தம் இருந்தவை செத்தன, முன்பே இல்லாதவை மிஞ்சி ஈன்றன.

2021இல் வெளியான மரபணு ஆய்வு இதில் ஒரு கொடுமையையும் காட்டியது. தந்தமின்மையைத் தரும் மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைப் பெறும் ஆண் கரு பிழைப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. இனத்தின் தேவையறிந்து பிறந்த விடையாக இருந்தால், மகன்களைக் கருவிலேயே பலிவாங்குமா?

விவரம் தெரிந்தவர்கள் இங்கே குறுக்கிடலாம். நெருக்கடியில் பாக்டீரியாவின் மரபணு மாற்ற வேகம் கூடுவதுண்டு. தன்னைத் தாக்கிய வைரஸின் துண்டைத் தன் மரபணுவிலேயே பதித்துவைக்கும் கிரிஸ்பர் அமைப்பும் உண்டு. இரண்டும் உண்மைதான். ஆனால் வேகம் கூடுவதால் மாற்றத்துக்குத் திசை வந்துவிடாது. பயனற்றதும் தீயதும் அதே வேகத்தில் பெருகும். கிரிஸ்பரோ பதித்துவைக்கும் அந்தத் திறனையே இயற்கைத் தேர்வின் வழியே பெற்றது.

பேச்சு வழக்கில் சொல்வதற்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். பேச்சோடு நின்றால் பாதகமில்லை. "என் உடம்புக்குப் பழக்கமில்லை, நான் மாத்திரையே தொடமாட்டேன்" என்பவர் தனக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடுகிறார். ஆனால் மருந்தைத் தாங்கும் கிருமி பக்கத்துப் படுக்கை நோயாளியிடமிருந்து அவருக்கு வரலாம். வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாட்டிக் விழுங்குபவருக்குச் சளியில் ஒரு மாற்றமும் இராது; அவர் குடலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்காதவை சாக, தாங்குபவற்றுக்கு இடம் காலியாகும்.

இதே நம்பிக்கை காட்டை அழிப்பவருக்கும் வசதியாக இருக்கிறது. வெப்பம் ஏறட்டும், ஆறு வற்றட்டும், உயிர்கள் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் உலகெங்கும் தவளை முதலான இருவாழ்விகளில் 501 இனங்கள் குறைந்துபோயின, அவற்றில் 90 அழிந்திருக்கக்கூடும் என்கிறது 2019இல் வெளியான கணக்கெடுப்பு. அந்த 90 இனங்களுக்கும் தேவை இல்லாமலா இருந்தது? எல்லா இனமும் ஒரே வேகத்தில் பெருகுவதுமில்லை. ஈ. கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். ஓர் இனம் எப்படியும் சமாளித்துக்கொள்ளும் என்று ஓர் அதிகாரியோ நிறுவனமோ உறுதி சொன்னால், அந்த இனத்தில் எத்தனை உயிர்கள் மிச்சம், தேவையான வேறுபாடு அவற்றில் ஏற்கெனவே இருக்கிறதா, அது பெருகும்வரை நிலம் விட்டுவைக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.