வலி போனாலும் வழக்குப் போகவில்லை

குழந்தைக்குத் தொண்டை நோவு கண்டால், உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்து மறந்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தானே தணிந்துவிடும். ஆனால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி அதற்குக் காரணமாயின், சில பிள்ளைகளுக்குத் தொல்லை அத்துடன் தீர்வதில்லை.

இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் சுரம் வரும், முழங்கால் வீங்கும். அது தணியுமுன் கணுக்கால் வலிக்கும், பின்னர் முழங்கை. இதுவே வாதச் சுரம். 5 முதல் 15 வயது வரையுள்ளோரையே இது மிகுதியும் பற்றுகிறது.

வீங்கிய மூட்டினுள் கிருமி இராது என்பதுதான் வியப்பு. கிருமியை ஒழிக்கப் புறப்பட்ட வெள்ளணுக்களும், அவை ஆக்கும் எதிர்ப்பொருள்களும், அக்கிருமியின் சாயலுள்ள நம் திசுக்களையே பகையெனக் கருதித் தாக்குகின்றன.

மூட்டு வீக்கம் சில வாரங்களில் சுவடின்றி மறையும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். அதே தாக்குதல் இதயத்திலும் நிகழ்ந்திருப்பின், அதன் வால்வுகள் தழும்பேறி ஆயுள் முழுதும் துன்பம் தரலாம்.

தொண்டை நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் மருத்துவர் பெனிசிலின் கொடுத்தால் வாதச் சுரத்தைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஒரு முறை வந்துவிட்டாலோ, மீண்டும் வாராதிருக்க 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

அத்தகைய பிள்ளையுள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படுகையில் ஊசி நாள் தவறலாகாது. மருத்துவர் தந்த சீட்டை ரயில் சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.