பேஜ்மேக்கரை விடுவதற்கு முன்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவு நின்றது. நம் மாவட்டத்து டிடிபி கடைகளில் ஓடும் பெட்டிகளில் பல, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லாத பழையவை. புதுக் கணினி வாங்குவதா, இருப்பதை அப்படியே ஓட்டுவதா, லினக்ஸுக்குப் போவதா என்ற பேச்சு களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை அடிபடுகிறது. கூடவே ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், லிப்ரெ ஆபிஸ் ஆகிய பெயர்களும் காதில் விழுகின்றன.

இந்த மாற்று மென்பொருள்களுக்காகப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துவைப்பது விலையை. நம் தொழிலில் அந்த வாதம் எடுபடாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். அடோபி 2013இல் ஒரேயடியாக விற்பதை விட்டுச் சந்தாவுக்கு மாறியது. முறையாகச் சந்தா கட்டி இன்டிசைன் வைத்திருப்பவர்கள் நம்மில் சிலர்தான். மற்றக் கடைகளில் இருப்பது 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7. அதோடு, யாரோ ஒரு சர்வீஸ் பையன் போட்டுக்கொடுத்த கோரல் டிரா. காசே கொடுக்காதவரிடம் போய் ‘இது இலவசம்’ என்றால் அவர் ஏன் திரும்பிப் பார்க்கப்போகிறார்?

பேஜ்மேக்கரோடு நம்மைக் கட்டிப்போட்டிருப்பது அதற்குள் இருக்கும் எழுத்து. அதைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். மென்பொருளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவிழ்த்துக் காட்டியவர்கள் எல்லைக்கு அப்பால், நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வெளிவரும் ஜனயுகம் நாளிதழ் 2019இல் பேஜ்மேக்கரை விட்டுவிட்டு, லினக்ஸில் ஓடும் ஸ்கிரைபஸுக்கு முழுமையாக மாறியது. படத்துக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப். தினமும் இரவு பக்கம் முடித்து அச்சுக்கு அனுப்பியே ஆக வேண்டிய ஒரு பத்திரிகை, பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லாத கட்சிப் பத்திரிகை, இதைச் செய்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடு தெரிந்த இன்டிசைனுக்குப் போனால் சந்தா கட்டி மாளாது. மாறுவதற்கு அந்த இரண்டு காரணங்களே போதுமாக இருந்தன.

அவர்களுக்கு ஒரு நல்ல காலமும் வாய்த்தது. பழைய ஸ்கிரைபஸில் மலையாளமோ தமிழோ கொட்டினால் கொம்பு ஒருபுறம், எழுத்து ஒருபுறமாகச் சிதறும். ஓமானைச் சேர்ந்த ஹோஸ்ட் என்ற குழு அரபி எழுத்துக்காக அந்தக் குறையைச் சரிசெய்ய இறங்கியது. அந்த உழைப்பு 2017இல் வந்த 1.5.3 பதிப்பில் சேர்ந்தபோது மலையாளமும் தமிழும் கூடவே சரியாயின. மூல நிரல் திறந்து கிடக்கும் மென்பொருளில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் இது. பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாததை அடோபியைத் தவிர வேறு யாரும் திருத்தியிருக்க முடியாது, அடோபியோ அதைத் திருத்த நினைக்கவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். பாமினி, ஸ்ரீலிபி, வானவில், டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் ஆண்டுக்கணக்காக அடித்துக் குவித்திருக்கிறோம். திரையில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். ஃபாண்ட் போனால் எழுத்தும் போயிற்று. விளவங்கோடு பக்கத்தில் திருவிழா நோட்டீஸ் அடிப்பவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி: ஒரே தாளில் மேலே தமிழ், கீழே மலையாளம். மலையாளத்துக்குக் கார்த்திகா, தமிழுக்குப் பாமினி. ஒரு வரி இடம் மாறி ஃபாண்ட் விட்டுப்போனால் பங்குத்தந்தையின் பெயர் யாருக்கும் புரியாத ஏதோவொன்றாக அச்சாகிவிடும். யூனிகோடில் இரண்டு மொழிக்கும் தனித்தனி இடம். ஒன்று மற்றொன்றாகத் திரிய வழியே இல்லை. தமிழக அரசு 2010 ஜூன் 23 அன்றே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. நம் மேசைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

மாற்றும்போது எங்கே அடிபடும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய ஃபாண்டுகளில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி அடுத்து. பேஜ்மேக்கரில் வரி உடைந்து கொம்பு மேல் வரியிலும் ககரம் கீழ் வரியிலும் நின்றிருந்தால் குறியாக்கத்தை மாற்றும் மென்பொருள் அவற்றைச் சேர்க்காது. அடுத்தது ஔகாரம். பழைய ஃபாண்டுகளில் ளகரமே அதற்கும் வேலை செய்ததால் கௌரி ‘கெளரி’ ஆவார், சௌந்தரம் ‘செளந்தரம்’ ஆவார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; தேடினால் மட்டும் பெயர் அகப்படாது. தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைகள் ரகரத்துக்குக் காலையும் காலுக்கு ரகரத்தையும் அடித்துவைத்திருக்கும். இடையில் வரும் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி, ரத்தப்பிரிவு எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகும். ஆகவே ஆங்கிலத்தைத் தனியே பிரித்துவிட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு ப்ரூஃப் பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடாதீர்கள்.

இந்த இடத்தில்தான் தனியுரிமை குறுக்கே வருகிறது. ஆபரேட்டர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு மாற்றிப் பக்கத்தில் உரையை ஒட்டி மாற்றி எடுக்கிறார்கள். நீதிமன்ற மனு, சொத்துப் பத்திரத்தின் நகல், பள்ளிக்கூடத்து வினாத்தாள், பெண் வீட்டாரின் பயோடேட்டா எல்லாம் அந்த வழியே முகம் தெரியாத ஒரு சர்வருக்குப் போய்வருகின்றன. கணினியிலேயே நிறுவி, இணைய இணைப்பு இல்லாமல் வேலை செய்யும் என்எச்எம் கன்வர்ட்டர் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். பழைய தாளைப் படித்து எழுத்தாக்க கூகுள் டிரைவில் ஏற்றுவதும் இதே கதைதான். நம் கணினியிலேயே ஓடும் டெசராக்ட் தமிழ் படிக்கும். கூகுள் அளவுக்குப் பிழையின்றிப் படிக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பிதழுக்கு எதை வைத்துக்கொண்டாலும் சரி, பத்திரத்துக்கு டெசராக்ட்டே போதும். பிழையைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். பார்வதிபுரத்தில் ஒரு கணினி வைத்துப் பிழைப்பவரை மனதில் வைத்து அந்தத் தொகையை எழுதியிருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆறு மாத ஆதார் நகல்களை வைத்திருக்கும் கடைக்கு எந்த மென்பொருள் மாற்றமும் கவசம் ஆகாது. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், அதற்குச் செலவில்லை. தகவல் கசிய இன்னொரு வழியும் உண்டு: கிராக் போட்ட கோரலோடு என்ன ஏறி வந்திருக்கிறது என்பது போட்டுக்கொடுத்தவருக்கே தெரியாது.

ஸ்கிரைபஸில் குறையே இல்லை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற இந்த இதழ் தயாராக இல்லை. ஐந்நூறு பக்கப் புத்தகத்தை ஒரே கோப்பாக வைத்தால் திணறும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூலுக்கு லிப்ரெ ஆபிஸ் ரைட்டரே மேல். கிம்ப்பில் சிஎம்ஒய்கே முறையில் படத்தைத் திருத்த முடியாது. அதற்குக் கிரிதா இருக்கிறது, அல்லது ஸ்கிரைபஸிலிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது நிற மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். பழைய பேஜ்மேக்கர் கோப்பையும் கோரல் கோப்பையும் லிப்ரெ ஆபிஸ் டிராவில் திறக்கலாம். வடிவம் ஓரளவு வரும், எழுத்து பழைய குறியாக்கத்திலேயே இருக்கும். கொடை நோட்டீஸ், ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று வேலை முழுக்கக் கோரலிலேயே நடக்கும் கடைக்காரர் இங்க்ஸ்கேப்புக்கு உடனே தாவ வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கோரலுக்குள்ளேயே யூனிகோடுக்கு மாறினால் போதும். அதுவே பாதி வேலை.

ஃபாண்டுக்குப் பஞ்சமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மருதம் அரசு அலுவலகங்களுக்குப் பழக்கமானது. முக்த மலர், கேரளத்து சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்கென்று செய்துதந்த மீரா இனிமை, கூகுளின் நோட்டோ வரிசை ஆகியவை அச்சுக்கும் வணிகத்துக்கும் கட்டணமில்லாத உரிமத்தில் கிடைக்கின்றன. கூகுளை விட்டு விலகுகிறேன் என்பவர் நோட்டோவைத் தொடலாமா என்று கேட்டால், தாராளமாகத் தொடலாம். கணினியில் நிறுவிய ஃபாண்ட் யாருக்கும் தகவல் அனுப்புவதில்லை. தலைப்புக்குப் போடும் அலங்கார எழுத்துகளில் மட்டும் பழைய ஃபாண்டுகளின் வகைவகை யூனிகோடில் இன்னும் வரவில்லை. அந்த ஏக்கம் நியாயமானது.

மிச்சமிருக்கும் முட்டுக்கட்டை சிடிபி யூனிட்டுகளில் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டிவரும் என்று ‘ஓபன் ஃபைல் அனுப்புங்க’ என்கிறார்கள். பிளேட் போடும் இயந்திரத்துக்குப் பிடிஎஃப் போதும், அது எந்த மென்பொருளிலிருந்து வந்தது என்பது பொருட்டல்ல. ஸ்கிரைபஸ் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 ஆகியவற்றை நேரடியாக எடுத்துத் தருகிறது. நாகர்கோவிலிலும் சிவகாசியிலும் உங்களுக்கு பிளேட் போடுபவரிடம் எந்தப் பிடிஎஃப் வகை, எவ்வளவு பிளீட், எந்த நிற புரொஃபைல் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாங்கியதை இதழுக்கும் அனுப்புங்கள். யூனிட் வாரியாக அடுத்த இதழில் அட்டவணையாக வெளியிடுகிறோம்.