பாதை தெரிந்தால் போதுமா?

பாகான் செராய்க்குப் புயல் வராது என்றுதான் நாம் வெகுகாலம் இருந்தோம். காரணம் இல்லாமலில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், காற்றைச் சுழலவைக்கப் பூமியின் சுழற்சிக்குப் போதிய வலு கிடையாது. மேற்கே சுமத்ரா மலைகள் வேறு அரணாக நிற்கின்றன. 2001 டிசம்பர் 27-ல் ஜொகூரில் கரையேறிய வாமேய் புயலை விதிவிலக்கு என்று ஒதுக்கினோம். 2025 நவம்பரில் சென்யார் புயல் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்ராவைத் தாக்கிவிட்டு, மலேசியாவின் மேற்குக் கரைக்கும் வந்துவிட்டது.

நம் இடம் வரைபடத்திலும் விசித்திரமானது. வட இந்தியப் பெருங்கடல் புயல்களை டில்லி வானிலை மையம் கவனிக்கிறது. நூறாவது தீர்க்கரேகைக்குக் கிழக்கே தோக்கியோ மையம். பாகான் செராய் அமைந்த கிரியான் மாவட்ட வயல்கள் அந்த ரேகைக்குச் சற்றே கிழக்கில் கிடக்கின்றன. சென்யார் என்ற பெயரைச் சூட்டியது டில்லி.

ஆனால் பெயரிலும் பாதையிலும் என்ன இருக்கிறது? சென்யாரின் காற்று பெரிய காற்றல்ல. சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மழையும் மண்சரிவும். அதே வாரம் இலங்கையில் தித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோதும் அப்படித்தான். மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் லயங்கள்மேல் மலையே சரிந்தது. பினாங்கையும் நம் வட்டாரத்தையும் 2017 நவம்பரில் மூழ்கடித்த காற்றழுத்தத் தாழ்வுக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

அட்லாண்டிக்கில் இதே பாடம் பெரிய அளவில் நடந்தது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் புயலுக்குள்ளேயே விமானம் அனுப்பி அளக்கிறது. மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் பாதையில் நேரும் பிழை, அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தொலைக்காட்சியில் வரும் அந்தக் கூம்பு வடிவம் புயலின் மையம் எங்கே போகும் என்று மட்டுமே காட்டும். கூம்புக்கு வெளியே இருப்பவர் தப்பித்தோம் என்று நினைத்தால் அது அவர் தவறல்ல, படத்தின் தவறு. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி புளோரிடாவில் கரையேறியது. கடலே தெரியாத வட கரோலினா மலைப்பகுதியில்தான் வெள்ளம் பலரைக் கொண்டுபோனது. பெருவெள்ளம் வரும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும்!

மலேசிய வானிலைத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மாவட்ட வாரியாகத் தருகிறது. நல்ல ஏற்பாடு. கிரியானுக்கு அது பாதிச் செய்திதான். 1906-ல் புக்கிட் மேரா அணையோடு உருவான இந்தப் பாசனச் சமவெளி கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். எவ்வளவு மழை என்பதோடு, அந்த நேரத்தில் கடல் ஏற்றமா இறக்கமா என்பதும் இங்கே வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. ஏற்றத்தில் மதகைத் திறந்தால் கடல் உள்ளே வரும். மூடினால் மழைநீர் வயலிலேயே நிற்கும்.

கடல் ஏற்ற அட்டவணை ஆண்டு தொடங்கும் முன்பே கணக்கிட்டு வெளியாகிறது. ஆற்று மட்டத்தை நீர்ப்பாசன வடிகால் துறை இணையத்தில் காட்டுகிறது. மழைக் கணிப்பு வானிலைத் துறையிடம். மூன்றையும் ஒரே அறிவிப்பில் சேர்த்து, எந்தக் கால்வாய் எத்தனை மணிக்கு நிரம்பும் என்று கம்பத்து மக்களுக்குச் சொல்ல விமானமோ புதிய செயற்கைக்கோளோ வேண்டாம். இரு துறைகளும் வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் இருப்பதுதான் தடை என்றால், அதை அடுத்த பருவமழைக்கு முன் நாடாளுமன்றத்தில் கேட்க நமக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார்.