மட்டிக்கும் நோயுண்டு: விழித்துக்கொள்ள வேண்டிய வேளை

களப்புச் சேற்றில் மட்டி பொறுக்குவதற்கு வள்ளமும் வேண்டியதில்லை, வலையும் வேண்டியதில்லை. ஆதலாலேயே அது வறியவரின் தொழிலாக இருந்து வருகின்றது. கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே நீரில் இறங்கியே இதனைச் செய்கின்றனர். அந்த மட்டிக்கும் கொள்ளை நோய்கள் உண்டென்பதை எம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர மட்டிகளை அழித்துவரும் இரத்தப் புற்றுநோய் ஒரு தொற்றுநோய் என்பதை 2015 ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் நிரூபித்தனர். புற்றுநோய்க் கலங்களே கடல்நீர் வழியே ஒரு மட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன. அவை ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவியமையும் 2016 இல் ஸ்பெயின் கரையோரத்தில் அறியப்பட்டது.

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று வாளாவிருக்க முடியாது. பேர்க்கின்சஸ் ஒல்சேனி என்னும் ஒட்டுண்ணி மட்டி, சிப்பி இனங்களைத் தாக்குவது. உலக விலங்குநல அமைப்பின் பட்டியலில் இடம்பெற்றுள்ள இந்த ஒட்டுண்ணி, தமிழகத்தின் தென்கிழக்குக் கரையோர முத்துச் சிப்பிகளில் இருப்பது 2010 இல் அறிவிக்கப்பட்டது. கடலுக்கு எல்லைக் கோடு கிடையாது.

இவ்வொட்டுண்ணியோ, மட்டியின் புற்றுநோயோ மனிதருக்குத் தொற்றியதாகச் சான்றில்லை. எனவே உண்போர் பீதியடைய வேண்டியதில்லை. மாசடைந்த நீரின் கிருமிகளுக்கு அஞ்சி நன்கு வேகவைத்து உண்டால் போதும். ஆபத்து அடுப்படியில் அன்று, பிழைப்பிலேயே உள்ளது. 1996 இல் வெண்புள்ளி நோய் புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகளைச் சூறையாடியதை நாம் மறந்துவிடலாகாது. பண்ணையிலாவது நீரை வெளியேற்றித் தொட்டியைக் காயவைக்கலாம். திறந்த களப்பில் அதற்கும் வழியில்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

ஒரு களப்பின் குஞ்சுகளைச் சோதனையின்றி இன்னொரு களப்பில் விடுவது தடுக்கப்பட வேண்டும். மட்டி திரளாக மடிந்தால் தொழிலாளர் உடனே அறிவிப்பதற்குக் கிராம மட்டத்தில் ஏற்பாடு வேண்டும். நாரா நிறுவனமும், திருநெல்வேலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியற்றுறையும் கிழக்குப் பல்கலைக்கழகமும் கைகோத்து, ஆண்டுதோறும் மாதிரிகளைப் பரிசோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இறால் பண்ணையாளர் நட்டமடைந்தபோது அவர்களின் குரல் கொழும்புவரை கேட்டது. மட்டி பொறுக்குவோர் வெறுங்கூடையுடன் வீடு திரும்பும் நாள் வந்தால், அவர்களின் குரல் யாருக்குக் கேட்கும்?