அப்பா கேட்ட மழை

ஓப்பரா என்றதும் நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்வோம். மணிக்கணக்கில், புரியாத மொழியில் பாடியே நடிக்கும் நாடகம் அல்லவா? எனக்குக் கைகொடுத்தது, பாட்டை விட்டுவிட்டு வாத்தியப் பகுதிகளை மட்டும் தொகுத்த ஓர் இசைத்தட்டு.

அதில் எனக்குப் பிடித்தது ரோசினியின் 'வில்லியம் டெல்' முகப்பிசை. 1829இல் பாரிசில் அரங்கேறிய ஓப்பரா அது. முகப்பிசை சுமார் 12 நிமிடம்தான். ஐந்து செல்லோக்கள் விடியலைக் கொண்டுவரும். குழல்களில் தூறல் விழும், புயல் வெடிக்கும். ஓய்ந்ததும் ஆட்டிடையன் மெட்டு. கடைசியில் குதிரைப் பாய்ச்சல்; கேட்டதும் "அட, இதுவா!" என்பீர்கள்.

சென்ற வாரம் அப்பாவைக் கிள்ளானிலிருந்து கேரி தீவுக்குக் காரில் அழைத்துப் போனேன். அங்கே 30 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர். அம்மா போனபின் அதிகம் பேசுவதில்லை. பாலம் தாண்டும்போது புயல் பகுதி வந்தது.

"மழ புடிச்சிருச்சி. இன்னிக்கு வேல போச்சு" என்றார். வெளியே நல்ல வெயில்.

இடையன் மெட்டு வந்தது. "ஒங்கம்மா இப்பத்தான் துணிய மறுபடி காயப்போடுவா."

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி போட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.