பொருள் கேட்காத பட்டியல்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1982ஆம் ஆண்டு ஸ்கிராபிள் ஆட்டமொன்றில் கார்ல் கோஷ்நா என்பவர் ஒரே சொல்லுக்கு 392 புள்ளிகள் பெற்றார். அந்தச் சொல் ‘கசீக்ஸ்’. சொல்லாட்டக்காரர் பலருக்கும் இச்சாதனை மனப்பாடம். பத்துப் புள்ளி பெறும் ‘க்யூ’வும் ‘இசட்’டும் ஒரே சொல்லில் அமைந்ததையும், மும்மடங்குக் கட்டங்கள் இரண்டை அது ஒருசேரத் தொட்டதையும் அவர்கள் ஆர்வத்தோடு விளக்குவர். சொல்லின் பொருளைக் கேட்டால் விடை சொல்வோர் சிலரே. கொலம்பஸ் வந்திறங்கிய காலத்தில் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் தம் தலைவர்களுக்கு வழங்கிய பெயர் அது. ஸ்பானிய மொழி வழியே ஆங்கிலத்தை அடைந்தது. படையெடுப்பாலும் கட்டாய உழைப்பாலும் அம்மை நோயாலும் அம்மக்கள் சில பத்தாண்டுகளிலேயே பெருமளவில் அழிந்தனர். அவர்கள் மொழியும் வழக்கொழிந்தது. தலைவர்களின் பெயரோ ஆட்டச் சாதனையாக நினைவுகூரப்படுகிறது.

இதில் ஆட்டக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு சொல்லைப் பலகையில் வைப்பவர் அதன் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது பட்டியலில் இருந்தால் போதும். இன்று பன்னாட்டுப் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள் உள்ளன. இவ்வாட்டத்தை 1930களில் உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் அவர் புள்ளிகளை வகுத்தார். பிறப்பிலேயே இது எண்ணிக்கையின் ஆட்டம். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும், ஸ்பானியம் பேசத் தெரியாமலே 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் வென்றார். வியக்கத்தக்க நினைவாற்றல்தான். ஆனால் அதை மொழியறிவு என்று அவரே சொல்லிக்கொள்ளவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆட்டக்காரர் தேடித் தேடிச் சேர்க்கும் ‘அரிய’ சொற்கள் யாருக்கு அரியவை? ‘யூ’ துணையின்றி ‘க்யூ’ நிற்கும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தன் சொற்களில் ‘க்யூ’வைப் பெரும்பாலும் தனியே விடுவதில்லை. எனவே இவ்வகைச் சொற்களில் மிகப் பல வெளியிலிருந்து வந்தவை. ‘சீ’ என்பது சீனர் கூறும் உயிராற்றல். ‘காட்’ ஏமன் நாட்டினர் மெல்லும் இலை. ‘சூக்’ அரபு நாட்டுக் கடைவீதி. ‘கனாத்’ ஈரானியர் மலையடிவாரத்து நீரைப் பயிர்நிலத்திற்குக் கொண்டுவர வெட்டிய நிலத்தடிக் கால்வாய். இரண்டெழுத்துச் சொற்களிலும் இதே கதைதான்: ‘ஆஆ’ ஹவாய்த் தீவினர் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறைக்கு இட்ட பெயர்; ‘ஸோ’ இமயமலைப் பகுதியில் யாக் எருமையும் பசுவும் கலந்து ஈன்ற கால்நடை. காட் விற்பவருக்கோ ஸோவை ஏரில் பூட்டுபவருக்கோ இவற்றில் விந்தை ஏதுமில்லை. அன்றாடச் சொற்கள் அவை. ஆங்கில அகராதியின் வாசலில் நின்று பார்ப்பவருக்கே விந்தையாகத் தெரிகின்றன. வணிகமும் குடியேற்றமும் படையெடுப்பும் எந்தெந்த வழியில் நடந்தன என்பதற்கு இப்பட்டியலே ஒரு வரைபடம். பொருளை நீக்கிவிட்டால் வரைபடம் அழிந்து எழுத்துகளே எஞ்சும்.

பலகையில் சொல்லுக்குப் பொருளில்லை என்ற வாதம் 2020இல் சோதனைக்கு உள்ளானது. இன, பாலின வசைச்சொற்களைப் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்க வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் முடிவு செய்தது. அடுத்த ஆண்டு மேட்டல் நிறுவனமும் அவ்வாறே செய்தது. அவை வெறும் காய்கள், யாரையும் சுட்டுவன அல்ல என்று மூத்த ஆட்டக்காரர் சிலர் எதிர்த்தனர். சுட்டப்பட்டவர்களுக்கு அவை வெறும் காய்களாக இருக்கவில்லை.

தமிழ்நாட்டு மாணவருக்கு இது தொலைதூர வழக்கன்று. அயல்நாட்டு மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக அவர்கள் மனப்பாடம் செய்யும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் ‘பரையா’ என்ற சொல்லும் உண்டு. எதிரே ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதியிருக்கும். அது பறை என்னும் இசைக்கருவியின் பெயரடியாகப் பிறந்து, ஒரு சமூகத்தின் பெயராகி, ஐரோப்பியரால் கொண்டுசெல்லப்பட்டு, ஆங்கிலத்தில் இழிவுப் பொதுப்பெயரானது. அப்பெயரைச் சொல்லிப் பொதுவிடத்தில் ஒருவரை இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இங்கே குற்றம். எனினும் உலக நாடுகள் ஒதுக்கிய ஓர் அரசை அதே சொல்லால் குறித்து எழுதும் அரசியல் கட்டுரைகள், தமிழ் அறிந்த ஆய்வாளரிடமும் எந்தத் தயக்கமுமின்றிக் கைமாறுகின்றன. ஆங்கில உச்சரிப்பின் திரைக்குப் பின்னே தம் ஊர்ச் சொல் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தும் எழுதுவோர் வேறு வகையினர். அவர்களுக்குப் பட்டியலைக் குறை சொல்ல வழியில்லை.

சொற்களை மனப்பாடம் செய்வது தாழ்ந்த செயல் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். திண்ணைப் பள்ளிகளில் நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்த பிள்ளைகளும் சொற்பட்டியலைத்தான் படித்தனர். ஆனால் நிகண்டில் பொருளின்றிச் சொல் நிற்க முடியாது. செய்யுளே பொருளால் கட்டப்பட்டது. ஓரெழுத்தொருமொழி 42 என்று நன்னூல் எண்ணிச் சொல்லும். ‘ஆ’ என்றால் பசு, ‘கா’ என்றால் சோலை, ‘கோ’ என்றால் அரசன் என்று பொருளோடு சேர்த்தே அவற்றை மாணவர் கற்பர். ஆங்கில இரண்டெழுத்துச் சொற்களுக்கும் இதைச் செய்யலாம். கல்லூரிச் சொல்லாட்டக் குழுக்களில் கைமாறும் ‘யூ’ இல்லாத ‘க்யூ’ச் சொற்களின் பட்டியல் ஓரிரு பக்கத்துக்கு மேல் போகாது. ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த நாட்டவர் சொல், எதைக் குறிக்கிறது, எவர் கையால் ஆங்கிலத்திற்கு வந்தது என எழுதிச் சேர்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.